பரீட்சை அறையில் ஒன்பது பேர்

ரொறன்ரோவில் தமிழர் வீடொன்றுக்குள் போனால் முதலில் உங்களைப் பார்த்துச் சிரிப்பவர் வீட்டுக்காரர் அல்ல. சுவரில் தொங்கும் கலண்டரில் நிற்கிற வீடு விற்கும் முகவர்தான் சிரிப்பார். வீட்டுக்காரருக்குச் சிரிக்க எங்கே நேரம்? ஒன்றில் வேலைக்குப் போயிருப்பார், இல்லாவிட்டால் வேலையால் வந்து நித்திரையாயிருப்பார். முகவர் மட்டும் கோட்டும் சூட்டுமாய், கையைக் கட்டிக்கொண்டு, வருஷம் முழுக்கப் பல்லைக் காட்டுவார். மேலே சாமி, நடுவில் முகவர், கீழே திகதிகள். இந்த ஒழுங்கை வகுத்தவர் யாரோ தெரியாது. இன்றுவரை ஒருவரும் மாற்றத் துணியவில்லை.

அந்த ஊரின் ஒரு மூலையான மல்வேர்னில் தியாகலிங்கம் வீட்டுச் சுவரில் தொங்கியது றெமிஜியஸின் கலண்டர். றெமிஜியஸ் மன்னார்ப் பக்கத்து வேதக்காரர். ஆனால் தொழில் என்று வந்தால் சமயம் பார்க்கிற ஆள் இல்லை. மார்கழி பிறந்தால் இரண்டு விதமாய்க் கலண்டர் அடிப்பார். வேதக்காரருக்கு மாதா, சைவக்காரருக்கு முருகன், இரண்டுக்கும் பொதுவாக றெமிஜியஸ். தியாகலிங்கம் வீட்டுக்கு வந்தது வள்ளி தெய்வானையோடு மயிலில் எழுந்தருளியிருக்கும் ஆறுமுகசுவாமி. அவர் மனைவி பேபி அதைச் சாமித் தட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டாள். காலையில் கும்பிடும்போது முருகனோடு சேர்த்து றெமிஜியசுக்கும் ஒரு கும்பிடு விழும். அதற்கு யார் என்ன செய்வது!

பேபிக்கு முதியோர் இல்லமொன்றில் வேலை. கிழவர்களைக் கட்டிலால் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, திரும்பவும் தூக்கிக் கிடத்துகிற வேலை. தியாகலிங்கம் கார்க் கதவுக்குப் பிடி செய்கிற பக்டரியில் கன காலம் நின்றவர். ஒரு நாள் பக்டரி மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. தியாகலிங்கத்தாரின் நாரியெலும்பு அதற்கு முன்னமே போய்விட்டது. இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னார். ஐம்பது தாண்டின ஒரு தமிழனுக்குப் பாரம் தூக்காத வேலை இந்த ஊரில் எங்கே இருக்கிறது என்று டொக்டர் சொல்லவில்லை. அது அவருடைய துறையும் இல்லை.

பேபி பகல் வேலையோடு இரவு வேலையும் எடுத்தாள். அதோடு அவளுடைய இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயின. வேலையால் வந்து மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் இருந்து இருந்துதான் ஏறுவாள். கீழே கதிரையில் இருக்கும் தியாகலிங்கம் அந்தச் சத்தத்தில் படிகளை எண்ணிக்கொண்டிருப்பார். மகள் பக்கத்து நகரமான அஜக்ஸில் வீடு வாங்கி, அந்த வீட்டுக்கே உழைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்கவும் வாய் வராது.

அந்த நேரம்தான் றெமிஜியஸ் வந்து தேத்தண்ணி குடித்தபடி சொன்னார். “அண்ணை, உங்களுக்கு ஊர் உலகமெல்லாம் பழக்கம். கலியாண வீடு, செத்த வீடு ஒண்டும் விடமாட்டியள். நீங்கள் முகவர் சோதினையை மட்டும் பாஸ் பண்ணுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்.”

தியாகலிங்கம் அன்றைக்கே பேபிக்கு வாக்குக் கொடுத்தார். “லைசென்ஸ் கையிலை வந்த அடுத்த நாள் நீர் வேலையை விடுறீர். இது சத்தியம்.”

அன்றையிலிருந்து அவர் படிக்கிற நேரத்தில் பேபி தேங்காய் துருவுவதில்லை.

இந்த மாகாணத்தில் வீடு விற்க வேண்டுமானால் முகவர்களுக்கு உரிமம் கொடுக்கும் பேரவையைத் தாண்டித்தான் போகவேண்டும். பேரவையின் முழுப் பெயரைச் சொல்ல மூச்சுக் காணாது. அதில் கல்வி, தகைமை, நேர்மை, நம்பிக்கை என்று இருக்கிற நல்ல சொற்களெல்லாம் வரும். வீடு விற்கக் கற்றுக்கொடுக்கும் இந்தப் பேரவைக்குச் சொந்தமாய் ஒரு வீடு வளவு கிடையாது. நெடுஞ்சாலை ஓரத்தில் வாடகைக் கட்டடம். அதற்குள் பரீட்சார்த்திகளை விடமாட்டார்கள்.

புத்தகங்கள் வந்தன. முதலாம் புத்தகம், வீடு என்றால் என்ன. இரண்டாம் புத்தகம், எது வீடு அல்ல. மூன்றாம் புத்தகம் குதிரைப் பண்ணைகளைப் பற்றியது. மல்வேர்னில் குதிரை இல்லை. பஸ்ஸே ஒழுங்காய் வராத இடம் அது. ஆனாலும் தியாகலிங்கம் குந்தியிருந்து படித்தார். லாயத்துக்கும் கிணற்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கவேண்டும், ஏரிக்கரைக் குடிலுக்கு முன்னால் படகுத்துறை எவ்வளவு நீட்டலாம், தானியக் களஞ்சியத்தை யாருக்கு விற்கலாம், யாருக்கு விற்கப்படாது, எல்லாம் பாடம். சனம் அடுக்கி வாழ்கிற நிலக்கீழ் அறைகளைப் பற்றிப் புத்தகத்தில் தேடினார். ஒரு அடிக்குறிப்பில் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதாகத் தெரிந்தால் முகவர் கவலைப்படவேண்டும் என்று போட்டிருந்தது.

சாப்பிடும்போது குதிரைச் சாணத்தை எங்கே குவிக்கவேண்டும் என்று அவர் மனப்பாடமாய்ச் சொல்ல, பேபி சோற்றுக் கையை எடுத்தாள். “இஞ்சருங்கோ, நீங்கள் வீடு விக்கப் படிக்கிறியளோ, குதிரை மேய்க்கப் படிக்கிறியளோ?”

“எனக்கும் வடிவாய் விளங்கேல்லை பேபி. ஆனா சோதினைக்கு வருமாம்.”

புத்தகம் முடிந்தால் ஒத்திகை வகுப்பு. விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஹோட்டல் மண்டபத்தில் வைத்தார்கள். நடத்தினவர் மிசிஸ் வின்ஸ்லோ என்ற அம்மையார். கழுத்தில் முத்துமாலை, முகத்தில் முத்துப்போலச் சிரிப்பு. ஆங்கிலத்தில் அவர் ஆற்றிய உரையைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்.

“இந்தத் தொழிலின் அத்திவாரம் நம்பிக்கை. நம்பிக்கை இல்லாத இடத்தில் முகவர் இல்லை. ஆகவே உங்கள் தொலைபேசி, கைப்பை, தண்ணீர்ப் போத்தல், மேற்சட்டை எல்லாவற்றையும் வாசலில் வைத்துவிட்டு வாருங்கள். கழிப்பறைக்குப் போகிறவர்களுடன் ஒருவர் கூடவே வருவார். உங்களை நாங்கள் நம்புகிறோம்.”

ஒத்திகைக்கு ஒரு கற்பனைத் தம்பதியை வைத்திருந்தார்கள். கூலிக்குப் பிடித்த நடிகர்கள். அவர்களுக்கு வீடு வாங்க விருப்பம், வருமானம் காணாது என்று கடுதாசியில் எழுதியிருந்தது. தியாகலிங்கம் முகவராக நடிக்கவேண்டும்.

அவர் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டார். “வாங்கோ, இருங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டியளோ?” என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். மிசிஸ் வின்ஸ்லோ பேனையை எடுத்தார். பிறகு தியாகலிங்கம் கடுதாசியை இன்னொருமுறை வாசித்துப் பார்த்து, அந்தப் பெண்ணின் முகத்தையும் பார்த்துவிட்டுச் சொன்னார். “பிள்ளை, இந்த வீடு உங்களுக்குத் தாங்காது. இப்ப வாங்கினா ரெண்டு பேரும் ரெண்டு வேலை செய்து முழங்காலை முறிக்கவேணும். கொஞ்ச நாள் பொறுங்கோ.” நடிகைக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. அவளும் வாடகைக்கு இருக்கிறவள் போலத் தெரிந்தது.

முடிவு, பூச்சியம். தேநீர் தரலாம் என்று காட்டியது கையூட்டு. வாங்கவேண்டாம் என்றது தொழில் துரோகம்.

“உங்களிடம் நல்ல மனம் இருக்கிறது,” என்று மிசிஸ் வின்ஸ்லோ ஆறுதல் சொன்னார். “முன்பு புள்ளித்தாளில் அதற்கும் ஒரு நிரல் இருந்தது. ஒருவருக்கும் புள்ளி விழவில்லை என்று குழு அதை எடுத்துவிட்டது.”

இரண்டாம் முறை போன அன்று தியாகலிங்கத்துக்குத் தொண்டை கட்டி, சத்தமே வரவில்லை. இருந்த இடத்தில் இருந்துகொண்டு தலையை மட்டும் ஆட்டினார். செவிமடுக்கும் திறனுக்காக அன்று அந்த மண்டபத்திலேயே ஆகக்கூடிய புள்ளி அவருக்குத்தான்.

பிறகு பெரிய பரீட்சை. அதை வீட்டில் இருந்தே கணனியில் எழுதலாம். பேரவை இதைப் பெரிய சலுகையாக அறிவித்திருந்தது. மண்டப வாடகை மிச்சம் என்பதை மட்டும் அறிவிக்கவில்லை. தியாகலிங்கம் காலையில் முழுகி, திருநீறு பூசி, கலண்டருக்கு முன்னால் கண்ணை மூடி நின்று, “முருகா, பேபியின்ரை காலுக்காகவெண்டாலும்” என்று கும்பிட்டுவிட்டுக் கணனிக்கு முன்னால் வந்து இருந்தார்.

கணனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பெயர் பிரெண்டன். எந்த ஊரில் இருக்கிறான், என்ன வயது, ஒன்றும் தெரியாது. அவன் முகம் காட்டமாட்டான். உங்கள் முகத்தை அவன் பார்த்துக்கொண்டிருப்பான். பதவி, பரீட்சார்த்தி அனுபவக் காவலர்.

“ஐயா, உங்களுக்குப் பின்னால் ஒருவர் நின்று சிரிக்கிறாரே, அவர் யார்?”

தியாகலிங்கம் திரும்பிப் பார்த்தார். கலண்டர் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் யார் என்று கேட்டால் ஆளின் பூர்வீகம் முழுக்கச் சொல்வதுதான் எங்கள் சனத்தின் வழக்கம். “அவர் றெமிஜியஸ். வீடு விற்கிற முகவர். நல்ல மனிசன். எனக்குச் சரியான உதவி.”

“அவர் உங்களுக்கு உதவி செய்கிறாரா?”

“ஓம், அவர்தான் எல்லாம்.”

அந்தப் பக்கம் தட்டெழுதும் சத்தம் கேட்டது. “அவர் கண்ணை இமைக்கவில்லையே?”

“படம்தானே, தம்பி.”

“இயந்திரம் அவருடைய முகத்தைப் பேரவையின் பதிவோடு ஒப்பிட்டுவிட்டது. உரிமம் பெற்ற முகவர், நல்ல நிலையில் இருக்கிறார் என்று காட்டுகிறது. கடுதாசி என்றொரு பிரிவு இயந்திரத்தில் இல்லை. சரி, மற்றவர்கள் யார்? ஆறு ஆண்கள், இரண்டு பெண்கள். ஒரு பறவையும் நிற்கிறது. பறவையைப் பற்றி என்னிடம் விதி இல்லை, அது நிற்கலாம்.”

தியாகலிங்கம் பதறிப்போனார். “அது ஆறு பேர் இல்லை. ஒரே ஆள். ஆறு முகம்.”

“ஒரு ஆளுக்கு ஒரு முகம்தான் பதிவு செய்யலாம், ஐயா.”

“அவர் கடவுள்!”

பிரெண்டன் மேலதிகாரியைக் கேட்கப் போனான். அவன் போயிருந்த நேரம் முழுக்க ஒரு பியானோ இசை ஓடியது. திரும்பி வந்து மிகவும் மரியாதையாகச் சொன்னான். “பேரவை எல்லாச் சமயங்களையும் மதிக்கிறது. அறையில் இருக்கிற ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்கவேண்டிய ஒரு கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. இந்த நபருக்கு இன்றைய வினாக்களுக்கான விடைகள் தெரியுமா?”

தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் பரீட்சை தொடங்கிவிடும். தியாகலிங்கம் வாயைத் திறந்தார். முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு கண்கள். அவனன்றி ஓர் அணுவும் அசையாது என்று சொல்லி வளர்த்த பிறவி. குதிரைச் சாணத்தைப் பற்றிய கேள்விக்கு முருகனுக்கு விடை தெரியாது என்று எந்த வாயால் சொல்வது?

“அவருக்குத் தெரியாதது ஒண்டுமில்லை,” என்றார்.

திரை சாம்பல் நிறமாயிற்று.

விசாரணைக்கு அழைத்தார்கள். மூன்று குற்றச்சாட்டுகள். உரிமம் பெற்ற முகவரின் உதவி. அனுமதி இல்லாத ஒன்பது பேர். மூன்றாவது கடுமையானது. வினாக்களை முன்கூட்டியே அறிந்த ஒருவரை அறைக்குள் வைத்திருந்தது. விசாரணையும் கணனியில்தான் நடந்தது. மூன்று பேர் கொண்ட நேர்மைக் குழு. அவர்களோடு பேரவையின் தமிழ்ச் சமூகத் தொடர்பு அலுவலராகச் சுலக்சன் என்ற பொடியன். இங்கேயே யூனியன்வில்லில் வளர்ந்த பிள்ளை. தமிழுக்காகத்தான் வேலை கொடுத்தார்கள். அந்தத் தமிழ் ஒவ்வொரு வசனத்திலும் பாதி வழியில் இறங்கிவிடும்.

குழுத் தலைவர் பெம்பர்ட்டன் தொண்டையைச் செருமினார்.

“எங்கள் பேரவை எந்தக் கடவுளுக்கும் எதிரானது அல்ல. எங்கள் வாசலில் எல்லாக் கடவுளரும் ஒரே வரிசையில்தான் நிற்கவேண்டும். ஆனால் வினாக்கள் எங்கள் உயிர். அவற்றின் சரியான விடைகள் எனக்கே தெரியாது, அவ்வளவு பாதுகாப்பு. நான் இந்தப் பரீட்சையை எழுதியவன் அல்ல. எழுதினால் சித்தியடைவேன் என்று சொல்லவும் மாட்டேன். சென்ற வருஷம் குழுவினர் எழுதிப் பார்த்தோம். அதன் முடிவுகளை முத்திரையிட்டு வைத்திருக்கிறோம். அப்படியிருக்க, பதிவு செய்யாத வெளியாள் ஒருவருக்கு விடைகள் எப்படிப் போய்ச் சேர்ந்தன? இந்தப் பொதுமக்களுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார். “அந்த நபர் வேறு பரீட்சார்த்திகளுக்கும் உதவுகிறாரா?”

“கும்பிட்டுக் கேட்டா எல்லாருக்கும் உதவுவார்,” என்றார் தியாகலிங்கம்.

குழுவில் ஒருவருக்குப் புரைக்கேறியது. சுலக்சன் கண்ணை மூடிக்கொண்டான்.

தீர்ப்பை ஒத்திவைத்தார்கள். ஒன்றில் சம்பந்தப்பட்ட நபரிடமிருந்து விளக்கம் வாங்கித் தரவேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு விடைகள் தெரியாது என்று தியாகலிங்கம் எழுத்தில் உறுதி தரவேண்டும். அன்று பின்னேரம் சுலக்சன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

“அங்கிள், ஐ டோட்டலி ஹியர் யூ. என்ரை அம்மாவும் முருகன்தான். பட் ஜஸ்ட் சே, அவருக்குத் தெரியாது. அவ்வளவுதான், அங்கிள். இட்ஸ் ஒன் லைன்.”

“தம்பி, ஒரு வரிதான். ஆனா எழுதுற கை என்ரை கையெல்லே.”

இதற்கிடையில் றெமிஜியஸ் மூச்சு வாங்க வந்து நின்றார். தேத்தண்ணியும் வேண்டாம் என்றுவிட்டார். “அண்ணை, ஏன் என்ரை பேரைச் சொன்னனீங்கள்? செத்துப்போன சின்னையா எண்டு சொல்லியிருக்கலாமே!” பரீட்சார்த்தி இருக்கிற எந்த வீட்டிலும் றெமிஜியஸின் முகம் இருக்கக் கூடாது என்று பேரவை கட்டளை போட்டுவிட்டது. மல்வேர்ன் தொடக்கம் அஜக்ஸ் வரைக்கும் பரீட்சார்த்தி இல்லாத தமிழ் வீடு எங்கே இருக்கிறது? பாவம் மனிதர், வட்டமாய் வெட்டிய வெள்ளைக் கடுதாசிகளோடு வீடு வீடாய்ப் போய்த் தன் முகத்தைத் தானே ஒட்டி மறைத்துக்கொண்டிருந்தார். தியாகலிங்கம் வீட்டுக் கலண்டரிலும் ஒட்டினார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். “பாஸ் பண்ணினாலும் கொஞ்ச நாளைக்கு என்ரை ஒஃபீஸ் பக்கம் வராதேங்கோ அண்ணை. குறை நினையாதேங்கோ.”

இவ்வளவு முகவர்கள் இருக்கிற ஊரில் இன்னொருவர் சேர்க்காமலா போவார் என்று தியாகலிங்கம் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். முதலில் அந்த ஒரு வரி எழுதவேண்டும். எழுத உட்கார்ந்தால் கை வராது. எழும்பினால், மேலே பேபி படியில் இருந்து இருந்து ஏறுகிற சத்தம் கேட்கும். கடைசியில் பேபியிடமே போய்ச் சொன்னார்.

அவள் கட்டில் விளிம்பில் இருந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

“தெரியாதெண்டு எழுதிக் குடுங்கோ,” என்றாள். “தெரிஞ்சிருந்தா என்ரை காலை இப்பிடி வைச்சிருப்பாரே?”

தியாகலிங்கம் கீழே வந்து எழுதினார். மேற்படி ஆறுமுகசுவாமிக்கு எனக்குத் தெரிந்த மட்டில் எந்த விடையும் தெரியாது என்று எழுதிக் கையொப்பமும் வைத்தார். அவருக்கு அழுகை வந்தது. பக்டரி மூடினபோதும் அழாத மனிதர். பெற்ற தகப்பனைப் பொலிசில் காட்டிக்கொடுத்தவன் போலக் கூசிப்போய், அன்றைக்குச் சாமித் தட்டுப் பக்கமே திரும்பாமல் படுத்துவிட்டார்.

பேரவைக்குப் பரம திருப்தி. பெம்பர்ட்டன் கைப்பட ஒரு பாராட்டும் எழுதியிருந்தார். “உண்மையை நேர்மையாக எதிர்கொண்டமைக்கு நன்றி” என்று இருந்தது. தியாகலிங்கத்துக்குக் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். இதிலும் தவறினால் முதலாம் புத்தகத்திலிருந்து தொடங்கவேண்டும். விசேஷ கவனிப்புக்கு உரியவர் என்பதால் சில நிபந்தனைகள். சுவர் வெறுமையாக இருக்கவேண்டும். கதிரையைவிட்டு எழும்பக் கூடாது. பரீட்சை நடக்கும்போது வீட்டுக்குள் வேறு எந்த உயிரும் இருக்கக் கூடாது. மனைவியாக இருந்தாலும் சரி. வெளியே சத்தம் கேட்டாலும் காரணம் விசாரிக்கப்படும். கொடுத்த நேரம் காலை. பேபி இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற நேரம்.

“அதுக்கென்ன,” என்றாள் பேபி. “நான் சந்திக் கோப்பிக்கடையிலை இருந்திட்டு, முடியிற நேரம் பாத்து வாறன். நீங்கள் ஒண்டையும் யோசியாமல் எழுதுங்கோ.” வேலைக்குப் போகமுன் சாமிப் படங்களையெல்லாம் சேலைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தாள். கலண்டரைக் கழற்றித் தன் பையிலேயே போட்டுக்கொண்டு போனாள்.

அன்று விடியக் குளிர்மழை. தூறலாய் விழும், விழுந்த இடத்தில் கண்ணாடி போல உறையும். ரோட்டு, மரம், கார், வாசற்படி எல்லாம் மினுங்கின. தியாகலிங்கம் வெளியே போய், ஐஸ் உருகப் படியில் உப்புப் போட நினைத்தார். அதற்குள் பிரெண்டன் வந்துவிட்டான். குரல் இந்த முறை பழைய சிநேகிதனைப் போல இருந்தது. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னான். காட்டினார். கட்டிலுக்குக் கீழே காட்டச் சொன்னான். நாரியைப் பிடித்துக்கொண்டு குனிந்து காட்டினார். பிறகு அலுமாரிக் கதவில் இருந்த கண்ணாடிக்குள் இன்னொரு பரீட்சார்த்தி தெரிகிறார், அவரை வெளியே அனுப்பவேண்டும் என்றான்.

“அது நான்தான், தம்பி.”

“இருக்கலாம், ஐயா. ஆனால் இயந்திரம் இரண்டு பேர் என்கிறது.”

போர்வையால் கண்ணாடியை மூடி, போர்வையின் பூக்கள் முகமல்ல என்று நிரூபித்து முடித்துப் பரீட்சை தொடங்கும்போது, அது முடிந்திருக்கவேண்டிய நேரமே கிட்டிவிட்டது. பேபிக்கு இது எப்படித் தெரியும்? தொலைபேசியைத் தொடவும் விடமாட்டார்கள்.

ஆனால் கேள்விகளைப் பார்த்ததும் தியாகலிங்கத்துக்கு நெஞ்சுக்குள் ஒரு வெளிச்சம். எல்லாம் தெரிந்த கேள்விகள்! லாயம் வந்தது, கிணறு வந்தது, களஞ்சியம் வந்தது. ஒவ்வொன்றாய்க் குத்திக்கொண்டு போனார். பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. இந்த முறை பாஸ்தான் என்று அவருடைய மனம் முதல்முறையாகச் சொன்னது. நாளைக்கே பேபியை வேலைக்குப் போகவேண்டாம் என்று சொல்லலாம். அதைச் சொல்லும்போது அவளுடைய முகம் எப்படி இருக்கும் என்றும் நினைத்துப் பார்த்தார்.

படகுத்துறையைப் பற்றிய கேள்வி திரையில் நின்றபோது வாசலில் ‘தொம்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

தியாகலிங்கம் தலையைத் திருப்பினார்.

“ஐயா, தயவுசெய்து திரையைப் பாருங்கள்,” என்றான் பிரெண்டன்.

திரையைப் பார்த்தார். காதை வாசலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். விழுந்தது மனிதர் என்றால் கத்துவார்கள்தானே. கத்தல் இல்லை. மரக்கொப்பு ஐஸ் பாரத்தில் முறிந்திருக்கும் என்று அடுத்த கேள்விக்குப் போனார். அதற்கும் விடை தெரிந்தது. அதற்கு அடுத்ததற்கும் தெரிந்தது. ஆனால் கண் திரையின் மூலையில் இருந்த மணிக்கூட்டுக்குப் போனது. கோப்பிக்கடைக்காரன் எவ்வளவு நேரம்தான் ஒரு கோப்பிக்கு ஒரு ஆளை இருக்க விடுவான்?

“என்ரை மனிசி விழுந்திட்டா போலை இருக்கு, தம்பி.”

“உங்கள் மனைவி வீட்டுக்குள் இருக்கிறாரா?”

“இல்லை, வெளியிலை.”

“அப்படியென்றால் பிரச்சினை இல்லை, ஐயா. நீங்கள் தொடரலாம்.”

கடைசிக் கேள்விகள் மிச்சம் இருந்தன. விரலை மடக்கி எண்ணிவிடலாம். தியாகலிங்கம் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். பிரெண்டன் பின்னால் ஏதோ மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கதவைத் திறந்தார். கடைசிப் படிக்குக் கீழே, உறைந்த நடைபாதையில், பேபி ஒருக்களித்துக் கிடந்தாள். ஒரு கால் வராத பக்கமாய்த் திரும்பியிருந்தது. மேற்சட்டைக் கையை வாய்க்குள் திணித்துப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும் துணியை வாயால் எடுத்துவிட்டு, இரகசியமாய்ப் பேசுகிற குரலில் சீறினாள்.

“ஏன் எழும்பி வந்தனீங்கள்? உள்ளுக்குப் போங்கோ! சத்தம் போட்டா உங்கட கணனிக்குக் கேக்குமெண்டு நான் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறன்.”

தியாகலிங்கத்தால் குனிந்து தூக்க முடியவில்லை. நாரி விடவில்லை. வழுக்கிக்கொண்டு போய் அவளுக்குப் பக்கத்தில் ஐசிலேயே குந்தி, அவளுடைய தலையை மடியில் எடுத்து வைத்தார்.

“சோதினை?” என்றாள்.

“முடிஞ்சுது.”

“வடிவாய் எழுதினீங்களோ?”

“ஓம் பேபி. எல்லாம் தெரிஞ்ச கேள்வி.”

பேபி அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

“அப்ப நான் இனிக் கத்தலாமோ?”

“கத்தும்,” என்றார் தியாகலிங்கம்.

பேபி கத்தினாள்.